டப்பா மீன்

மினசோட்டாக் குளிரில் கேமரா பேட்டரியைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அரை மணியில் படுத்துவிடும். எனக்கு அதைச் சொன்னவன் லைல் ஹாகன்தான். அவனைப் பற்றிக் கெட்டதாக நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏரிக்கரை ஊரில் புகைப்படக் கழகம் என்றால் லைல்தான். அவன் ரா கட்சி. கேமரா கண்டது அத்தனையையும் ஒன்று விடாமல் அப்படியே வைத்துக்கொள்ளும் கோப்பு அது, பெரிய மூட்டை. நான் ஜேபெக். கேமராவே பக்குவம் பண்ணி, வேண்டாததைத் தூக்கிப் போட்டு, சின்னதாக அமுக்கிக் கொடுத்துவிடும்.

"ஏரியில மீன் துள்ளுது, நீ கடையில டப்பா மீன் வாங்கித் திங்கறியேப்பா" என்று ஒரு கூட்டத்தில் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு டப்பா மீன் என்றே பெயர். டுவைட் என்று கூப்பிட என் மனைவி மட்டும்தான் மிச்சம். நானும் சிரித்துவைத்தேன்.

போன வருடம் மாநிலப் போட்டியில் என் பனி ஆந்தைப் படம் கடைசிச் சுற்றுக்குப் போனது. ஒட்டுவேலை இல்லை என்று காட்ட ரா கோப்பைக் கேட்டார்கள். என்னிடம் ஏது? போனால் போகிறது என்று நடுவர்கள் விட்டுவிடத்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவனான லைல்தான் கூடாது என்றான். வெளியே வந்து என் தோளைத் தட்டினான்.

"வருத்தப்படாதடா. விதின்னா விதிதான். அடுத்த தடவை ராவுல எடு, நானே உனக்கு ஓட்டுப் போடறேன்."

நியாயமான பேச்சு. நான் ராவுக்கு மாறினேன்.

அன்று காலை, ஓடை ஏரியில் கலக்கும் இடத்துக்கு நீர்நாய்களைப் படம் எடுக்கப் போனோம். நான் கரையில் முக்காலியை நட்டேன். லைல் உறைந்த ஏரியின் மேல் இறங்கி நடந்தான்.

"அங்க எப்படிடா? தாங்குமா?"

முந்தின நாள் அங்கே துளை போட்டுப் பனிக்கட்டியின் கனம் பார்த்தவன் நான். "தாங்கும். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போ, வெளிச்சம் நல்லா விழுது" என்றேன். வெளிச்சம் உண்மையிலேயே நன்றாக விழுந்தது. பனிக்கட்டி உடைந்து அவன் உள்ளே போனபோது பெரிய சத்தம்கூட இல்லை.

முதல் விசாரணையில் உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். ஆபத்துக்கு வைத்திருந்த கயிறு நாங்கள் சாமான் இழுத்துவந்த சறுக்குவண்டியில் கட்டியிருந்தது, கையில் தடித்த கையுறை, முடிச்சு அவிழவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று. நீங்கள் நம்பினீர்கள். லைலின் மனைவி இன்கிரிட்டும் நம்பினாள். "நீயாவது பக்கத்துல இருந்தியே" என்று இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இன்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அவன் விழுந்த பிறகு எடுத்ததில் முதல் படங்கள் ரா, பிறகு எல்லாம் ஜேபெக். ஏன் என்கிறீர்கள்.

ராவில் விடாமல் அடித்துக்கொண்டே போனால் கேமராவுக்கு மூச்சு முட்டும். எடுத்ததைச் சேமித்து முடிக்கும்வரை அடுத்ததை எடுக்காது. அன்றும் அப்படி நின்றுவிட்டது. லைல் பனிக்கட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "டுவைட், கயிறு" என்றான். டப்பா மீன் என்று சொல்லவில்லை.

ஜேபெக் சின்னது, நிற்காமல் ஓடும். அதற்கு மாற்ற வேண்டுமானால் திரையில் தேடித் தேடி உள்ளே போக வேண்டும். பொத்தான்கள் பொடிசு. தடித்த கையுறையோடு நடக்காது. ஆமாம் மேடம், கழற்றினேன். பல்லால் கடித்து இழுத்தேன். விரல் குளிரில் எரிந்தது, ஆனால் நடுங்கவில்லை. முடிச்சு சாதாரண முடிச்சுதான். மாற்றிவிட்டு, அவன் கை உள்ளே இறங்கும்வரை எடுத்தேன். முந்தின நாள் துளை போட்டபோது நான் போகச் சொன்ன அந்த இடத்தில் பனிக்கட்டி இரண்டு விரல் கனம்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருத்தமே இல்லையா என்கிறீர்கள். இல்லாமல் என்ன? கடைசிக்கு முந்தின படத்தைப் பாருங்கள். தண்ணீரிலிருந்து எழும் ஆவி, அதற்குள் அவன் முகம், அதன் மேல் அந்த வெளிச்சம். என் வாழ்நாளில் அப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. அது போய் ஜேபெக்கில் விழுந்துவிட்டது. எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார்கள்.

லைல் உயிரோடு இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான்.