இரண்டாவது அறையின் கதவு

என் பெயரும் விலாசமும் முன்பக்கத்தில் எழுதியபடியே சரி. வயது நாற்பத்தொன்று. மென்பொருள் அமைப்பு ஒன்றின் கட்டமைப்பு தாங்குமா, தாங்காதா என்று மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். ஆம்புலன்ஸ் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் அமைப்பை மதிப்பிட என்னை அழைத்தார்கள். அதன் தலைமை வடிவமைப்பாளர் என் அக்காவின் கணவர். இந்த உறவை முதலிலேயே நிறுவனத்திடம் சொல்லிவிட்டேன்.

ஒரு கணினி அறை நின்றுபோனால் இரண்டாவது அறை உடனே வேலையை எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அதன் பிறகு, என் வழக்கப்படி, கட்டியவர்களைத் தனித்தனியாக அழைத்து, எதையும் பார்க்காமல் பலகையில் அமைப்பைப் படம் போடச் சொன்னேன். ஒரே வீட்டில் குடியிருப்பவர்களைக் கேட்டால்கூட ஒருவர் சமையலறையைப் பெரிதாகப் போடுவார், இன்னொருவர் மாடிப்படியை மறந்துவிடுவார். இவர்கள் அத்தனை பேரும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே படத்தைப் போட்டார்கள். சொல்லிக்கொடுத்த பாடம் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

அதன் பிறகு முதல் அறையை நிறுத்திக் காட்டச் சொன்னேன். அத்தான் சிரித்துக்கொண்டே, “எங்க கல்யாணத்துலயே மோதிரம் தங்கந்தானான்னு உரசிப் பாத்தவளாச்சே!” என்றார். நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது அறை வேலையை எடுத்துக்கொண்டதைக் காட்டும் திரை எழும்பும் முன்பே கைதட்டிவிட்டார்கள். இரண்டாவது அறையைத் திறக்கச் சொன்னதற்கு, சாவி வைத்திருப்பவர் விடுப்பில் என்றார்கள். மடியில் கனமில்லாதவர்களுக்கு ஒரு கதவைத் திறப்பதில் என்ன கஷ்டம்? கதவில் காதை வைத்தேன். கணினிகள் ஓடும் அறையில் விசிறி இரைச்சல் ஓயாது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அவர்கள் வேறொருவரை வைத்துச் சான்று வாங்கிச் சேவையைத் தொடங்கினார்கள்.

சென்ற வாரம் முதல் அறை நின்றுபோய், அழைப்புக்குப் பதில் வராமல், ஒரு பேருந்து ஓட்டுநர் தன் வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தார். இரண்டாவது அறை காலியாக இருந்தது தனக்கும் தெரியாது, தன் கீழே வேலை செய்பவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று அத்தான் சொல்லியிருப்பதாக, இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் அதிகாரி கூறினார். அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது.

சேவை தொடங்கிய பிறகு ஒரு காலையில் அக்கா குளியலறையில் மயங்கி விழுந்தாள். அன்று அமைப்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் அவர்கள் தெருமுனை. என் வீடு ஊரின் மறுகோடி. அத்தானின் கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால் எனக்குப் போன் செய்தார்.

“அக்கா விழுந்துட்டா, காரை எடுத்துக்கிட்டு ஓடி வா.”

“ஆம்புலன்ஸுக்கு அடிச்சீங்களா அத்தான்?”

“அதை நம்பி உக்காந்திருக்க முடியுமா? நீ வா.”

அக்கா பிழைத்துக்கொண்டாள். இதை இங்கே சொல்ல வேண்டாம் என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இன்றி நான் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன். எந்தச் சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்)