ஈரம் ஏறாத மாவு

ஏற்காட்டில் செருப்பை ஒரு வாரம் போடாமல் வைத்தால் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். நீங்கள் சேலத்திலிருந்து வந்தவர், இன்ஸ்பெக்டர் அம்மா. நாலு மாதம் இங்கே இருந்தால் தெரியும். பீரோவில் மடித்து வைத்த புடவை நனைந்த நாய் போல நாறும். ஜெபப் புத்தகத்தின் அட்டை விரலில் வழுக்கும். சின்ன வயதிலிருந்தே அதைக் கண்டால் எனக்குக் குமட்டும். காய்ந்த அழுக்கைத் தட்டிவிடலாம். ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, உயிருள்ளது போல ஊறும்.

எங்கள் குளியலறைக் கதவு அழுகி, அடியில் வெள்ளைக் காளான் முளைத்த அன்றுதான் இந்தத் தொழில் மனதில் விழுந்தது. எஸ்டேட்டில் அறுக்கிற சில்வர் ஓக் மரத்தின் தூளை மைதா போல அரைத்து, பிவிசி பவுடரோடு கலந்து, மெஷினில் உருக்கிப் பலகையாகத் தள்ளுவது. மரமாவு சேர்ந்தால் பிளாஸ்டிக் குறைவாகப் போதும். பலகையும் விறைப்பாக நிற்கும். ஊறாது, உளுக்காது. மாரமங்கலம் போகிற வழியில் கொட்டகை போட்டேன்.

ஒரே தொல்லை, மரம் மாவான பிறகும் தண்ணீர் குடிக்கும். உலர்த்தி வைத்த மாவில் மூடுபனி பட்டால் போதும். மெஷின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பலகை முழுக்கக் கொப்புளம் கிளம்பும். ஓர் ஓட்டலுக்கு அனுப்பிய கதவுகள் அப்படித் திரும்பி வந்தன, அம்மை போட்ட முதுகு மாதிரி. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். உடைந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

கலவையும் மெஷினும் ஒரே அறையில். அங்கே லூர்துசெல்வி வேலை செய்தாள். முன்பு காப்பி பறித்துக்கொண்டிருந்தவள். கெட்டிக்காரி, வாயாடி. அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் மூச்சு முட்டுகிறது என்று சன்னலைத் திறப்பாள். நான் சாத்துவேன்.

“ஏனுங்கக்கா, தொறந்தா உங்க மாவுக்குச் சளி புடிக்குது, சாத்துனா எனக்குப் புடிக்குது. ஆருக்கு மருந்து வாங்கறதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க.”

“மாவுக்கு மருந்து இல்ல கண்ணு.”

“அப்ப நாந்தேன் குடுத்து வெச்சவ!”

கொட்டகையில் வேலை செய்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இருமி இருமித் துப்புவாள். பழுப்பாக, பிசைந்த மாவு உருண்டை போல வரும். மூடி போட்ட டப்பா ஒன்று கொடுத்தேன். முகமூடி வாங்கித் தந்திருக்கலாமே என்கிறீர்கள். தந்தேன். அதன் உட்புறம் அவள் மூச்சில் நனைந்து கிடந்ததைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

பிறகு சன்னலுக்கு ஆணி அடித்தேன். அவள் கதவைத் திறந்து வைத்தாள். அதனால் வெளியே தாழ்ப்பாள் வைத்தேன். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கேட்டது.

அன்று மற்றவர்கள் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். ஓட்டலுக்கு மாற்றுக் கதவுகள் அனுப்ப வேண்டியிருந்ததால் அவள் மட்டும் வந்தாள். மதியம் மூடுபனி இறங்கியது. தாழ்ப்பாளைப் போட்டேன். மெஷினின் சூடு கட்டுப்படவில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். இருக்கலாம். முதலில் மரமாவு கருகுகிற இனிப்பு வாசனை வந்தது. அப்புறம் பிவிசி கருகுகிற நெடி. அது தொண்டையை அறுக்கும்.

“அக்கா, பொகையுதுங்க. கண்ணு தெரீல. தொறங்க.”

“மூட்டம் கலையட்டும் கண்ணு, தொறக்கறேன்.”

“வெளையாடாதீங்கக்கா. ஊட்ல புள்ள காத்துட்டிருக்குதுங்க.”

மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்தான். அணைத்தேன். மெஷின் வீணாகக் கூடாது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுவது மெதுவானது, பிறகு நகத்தால் சொறிவது போல ஆனது, பிறகு நின்றது. அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. மூடுபனி என் கணுக்காலை நக்கிக்கொண்டு, கதவிடுக்கில் நுழையப் பார்த்தது. அந்த அருவருப்பை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

மூடுபனி கலைந்து வானம் வெளுத்த பிறகு திறந்தேன். வாசலிலேயே கிடந்தாள். அவளைத் தாண்டிப் போய், வாய் பிரிந்திருந்த மாவு மூட்டையை முதலில் கட்டினேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மூட்டைகளையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பொரி போல உலர்ந்திருக்கும். நனைந்தது அவள் உதட்டில் ஒட்டியிருந்த மாவு மட்டும்தான். அதை எப்படியும் மெஷினில் போட முடியாது.