சூடு தாங்கும் ஹோஸ்

பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது கையில் வளைத்துப் பார்க்க வேண்டும், ஐயா. வளைத்த இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள். இருபத்தாறு வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன்.

என் காரும், என்னிடம் வண்டி பார்க்க விடும் தையல்காரம்மாவின் காரும் ஒரே மாடல். கம்பெனி அதை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது. அந்த மாடலில் பெட்ரோல் ஹோஸ், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாயை ஒட்டியே போகும். அந்தக் குழாய் அடுப்பு மாதிரி கொதிக்கும். அங்கே சூடு தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும், அதன்மேல் ஓர் உறையும் உண்டு. என் வண்டியில் இரண்டும் பொடிந்துபோயின.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர். பஸ்ஸில் கூட்டிப்போனேன், திரும்பும்போது படியிலேயே விழுந்தாள். வாடகைக் கார்க்காரர் இரண்டு தடவை வந்தார். சீட்டில் அவள் வாந்தி எடுத்த பிறகு போனை எடுக்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஹோஸுக்காக நான் அலையாத இடமில்லை. ஒன்பது கடை ஏறி இறங்கினேன். பழைய வண்டி உடைத்து விற்கிறவர், "இந்த மாடலுக்குச் சாமான் தேடுற நேரத்துல பொண்ணு தேடியிருந்தா, கல்யாணமே முடிஞ்சிருக்கும்," என்றார். நானும் சிரித்தேன். தூரத்து ஊர்க் கடையொன்றில் மட்டும் மூன்று வாரத்தில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் என்றால் ஒன்பது தடவை. ஒரு தடவை தவறினாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

வேறு வழியில்லாமல் சாதாரண ஹோஸைப் போட்டு ஓட்டினேன். நான்காவது தடவை போய்வந்து எஞ்சின் மூடியைத் திறந்தால், ஹோஸ் மெழுகாக இளகிப் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. ஆகவே அது எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத வேண்டாம்.

அன்று தையல்காரம்மா பிரேக் பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுப் போயிருந்தார். மூடியைத் திறந்தேன். அவருடைய ஹோஸ் புதிது போல இருந்தது. உறைகூடப் பிரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் வாரத்துக்கு ஒரு முறைதான் வண்டியை எடுப்பார், அப்பாவை டாக்டரிடம் காட்ட. புது ஹோஸ் வருவதற்குள் இரண்டு தடவை எடுத்தால் அதிகம். நான்கு தடவை தாங்குகிற ஹோஸ். யோசித்துப் பார்த்தால் யாருக்கும் சரியென்றுதான் படும். அவருடையதைக் கழற்றி எனக்குப் போட்டேன். அவருக்குச் சாதாரண ஹோஸ் போட்டு, தெரியாதபடி வெள்ளித்தாள் சுற்றினேன். பிரேக்கை நன்றாகவே செய்து கொடுத்தேன்.

இரண்டாவது தடவை, மேம்பாலத்து ஏற்றத்தில் தீப்பிடித்தது. அவர் வெளியே வந்துவிட்டார். அப்பாவுக்கு நடை வராது. பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார். அதைக் கழற்றப் போனதில் அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. பெல்ட் கழலவில்லை. அந்த நேரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் வண்டி ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

செய்தி கேட்டதும் மனைவி, "அதுவும் நம்ம வண்டி மாதிரிதானேங்க?" என்றாள். வீட்டில் நான் பொய் சொல்வதில்லை. நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை. இன்றோடு ஐந்து நாள். கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. புது ஹோஸ் நேற்று வந்ததைக் காட்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் ஏறுறேன்," என்றாள்.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். பதினோரு மணிக்கு அவளுக்கு முறை. கொஞ்சம் சீக்கிரம் எழுதிக்கொண்டால் கூட்டிப்போய்விடுவேன்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. தீப்பிடிப்பதற்கு முந்தின நாள் தையல்காரம்மா போன் செய்தார்.

"அண்ணே, வண்டிக்குள்ள பெட்ரோல் வாசம் வருது. நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும். எடுக்கலாமா?"

வண்டியைக் கொண்டுவரச் சொன்னால் அவருடைய ஹோஸை அவருக்கே திருப்பிப் போட வேண்டும். மறுநாள் ஆஸ்பத்திரி நாள்.

"ஒண்ணும் இல்லம்மா. தைரியமா எடுங்க," என்றேன்.

அவர் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். பயந்துகொண்டே வண்டி ஓட்டுவது ஆபத்து, ஐயா.