களவு போன கடலை

கல்முனையிலிருந்து நிந்தவூர் போகும் பஸ். முன்சீட்டில் இருந்த பெண் பள்ளிக்கூடத்துக் கன்ரீன் நடத்துபவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்த மூத்தவளை அக்கா முறையில் ‘ராத்தா’ என்று கூப்பிட்டாள்.

“இண்டைக்கு அவிச்ச கடலைய புள்ளையள் களவெடுத்திட்டுதுகள் ராத்தா, அல்ஹம்துலில்லாஹ்.”

“களவுக்கும் அல்ஹம்துலில்லாஹ்வா புள்ள?”

“போன கிழமை சும்மா குடுத்தும் வாணாம் எண்டதுகள். இண்டைக்கு எண்ணெயில பொரிச்ச ரோல்ஸ உள்ளுக்கு வெச்சிட்டு, கடலைக்குத் தேங்காய்ப்பூ போட்டு கைக்கெட்டுற இடத்துல வெச்சன். தேத்தண்ணி ஊத்தத் திரும்பினன், சட்டி காலி.”

“அப்ப ரோல்ஸ்?”

“மிச்சம். ஊட்டுக்குக் கொண்டு போறன்.”

அந்த ரோல்ஸ் பையை அவள் ராத்தாவின் மடியில்தான் வைத்திருந்தாள். காரைதீவு வந்தபோது ராத்தாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

“என்ன ராத்தா இது?”

“கைக்கெட்டுற இடத்துல வெச்சது நீதானே புள்ள.”