சன்னலோரம் வேண்டாம்

உலக யுத்த காலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடி பென்னாகரம் போகும் பஸ்ஸில் என்னோடு பதினெட்டுப் பேர் இருந்தோம். ஏறும்போதே கண்டக்டரிடம் ஒரு பெண் கெஞ்சினாள்.

"எங்க வூட்டுக்காரர சன்னலோரம் ஒக்கார வெக்காதீங்க. புளியமரத்தப் பாத்தா எறங்கிருவாருங்க."

"மரத்துல பேயா இருக்குது?"

"பேயின்னா ஓட்டிரலாமே! சண்டையில புளி வெல ஏறுமுன்னு, பூவுலயே தோப்புத் தோப்பா குத்தகைக்கு எடுத்தாருங்க. ரெண்டு வருசமும் மழையில பூவெல்லாம் உதுந்துபோச்சு. நெலம் பூராவும் போயிருச்சு. வூடு ஒண்ணுதான் மிச்சம்."

பஸ் கிளம்பியதும் கணவரின் முகத்தைத் துண்டால் மூடினாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"பூ புடிச்சிருக்கா, புள்ள?"

அதுவரை நாற்பத்து மூன்று மரங்களை எண்ணியிருந்தேன். அத்தனையும் பூத்திருந்தன.

"மொட்டுகூட இல்லீங்க," என்றாள்.

அவர் துண்டை விலக்கிவிட்டு எழுந்தார்.

"பூவே இல்லையா? அப்ப வெல எகிறுமே! வூட்ட வித்து, இருக்கற பழம்புளியப் பூரா வாங்கிப் போட்டுரலாம். வண்டிய நிறுத்துங்க!"