ஏழாம் கேள்வி

தலைமை தாங்கும் ஆலை மேலாளர் அவர்களே, விசாரணைக் குழுவின் பெரியோர்களே, ஊசிமுனையால் உலகுக்கே உடை கொடுக்கும் தாய்மார்களே, தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சற்றுமுன் கரவொலிக்கிடையே வெளியானது பாலியல் தொல்லைக்கான புதிய புகார்ப் படிவம். குழுவின் எழுத்தராக மூன்றாண்டுகள் இதை நிரப்பியவள் நான். பழைய படிவத்தின் ஏழாம் கேள்வி, "சத்தம் போட்டீர்களா?" புதியதில், "உங்கள் சம்மதம் இருந்ததா?" காகிதம் மாறியது, கேள்வி மாறியது, கேட்பவர் கண் மாறியதா? கருத்து மாறியதா?

இஸ்திரிப் பிரிவு அக்காவை அறியாதவர் இங்கே யார்? துணிக்கிடங்கின் கதவைச் சாத்தினார் அவருடைய மேற்பார்வையாளர். "கத்தணும்னு நெனச்சேன், நாக்கு ஒட்டிக்கிச்சு தங்கச்சி" என்றார் அக்கா. ஏழாம் கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதினேன். புகார் முடிந்தது. அதே ஆளின் கீழ் அக்கா ஈராண்டுகள் வேலை பார்த்தார்.

சென்ற மாதம் புதிய கேள்வியைச் சோதித்துப் பார்த்தோம். அக்கா மறுபடி வந்தார், முகத்தில் சிறு வெளிச்சத்தோடு.

"வேணாம்னு சொன்னியாம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"சொல்லலைங்க. சரின்னும் சொல்லலைங்க."

"அப்ப அவரு என்ன ஜோசியமா பாப்பாரு?"

அறையே சிரித்தது. குழுவிலிருந்த அம்மா ஒருவர், "எங்க வீட்டுக்காரரு ஒருநாளும் கேட்டதில்ல. இதெல்லாமா கேப்பாங்க?" என்றார். மீண்டும் சிரிப்பு.

"பேசாம இருந்தா சம்மதந்தானே? எழுதும்மா" என்றார் தலைவர்.

எழுதினேன். இந்தக் கையால் எழுதினேன்.

என்ன ஐயா? "நல்ல நாள்ல ஏம்மா இந்தப் பேச்சு" என்கிறீர்களா? கெட்ட நாளில் அக்காவுக்கு வாய் வரவில்லை. நல்ல நாளில் எனக்கு வரக்கூடாது. பிறகு எந்த நாளில் ஐயா பேசுவது?

இன்று காலை அக்கா வேலையை விட்டுப் போய்விட்டார். வாசல்வரை கூடப் போனேன். "அடுத்து வர்ற பொண்ணுக்காவது சரியா எழுதுவியா?" என்று கேட்டார். எழுதுவேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மேற்பார்வையாளர் அதோ, இரண்டாம் வரிசையில். படிவம் வெளியானபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். அவருக்கென்ன அச்சம்? சத்தம் போட்டாயா என்று அன்று அவளைக் கேட்டோம். சம்மதித்தாயா என்று இன்று அவளைக் கேட்கிறோம். நாளையும் ஏதேனும் புதிதாக அவளையே கேட்போம். பன்னிரண்டு கேள்விகள் அச்சிட்டிருக்கிறோம், பெரியோர்களே. அவரிடம் கேட்க அதில் ஒன்றுகூட இல்லை.

நம்பிக்கையூட்டி முடிக்கச் சொன்னார்கள். இல்லாததை எப்படித் தருவேன்? எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.