இறால் கோது

முல்லைத்தீவுத் தேத்தண்ணிக் கடையில் வவுனியா பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வாங்கில், காலில் கட்டுப் போட்டிருந்த, நாயாறு ஊர்க்காரர் ஒருவரின் பை நாறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த முஸ்லிம் துணி வியாபாரி மூக்கைப் பொத்தியபடி கேட்டார்.

“இதென்ன அண்ணை, கருவாடோ?”

“இல்லை நானா, இறால் கோது. கம்பஸில படிக்கிற மகளுக்குக் கொண்டுபோறன்.”

“இறாலை நீங்கள் திண்டுபோட்டுக் கோதையோ பிள்ளைக்குக் குடுக்கிறியள்?”

“அவள் கோதுதான் கேட்டவள். அதுக்குள்ள ஒரு விதச் சீனி இருக்காம். அதில சீலை மாதிரிச் செய்து புண்ணில கட்டினால், நைத்திரிக் ஒட்சைட்டு எண்ட வாயு மெல்ல மெல்ல வந்து இரத்த ஓட்டத்தைக் கூட்டுமாம். என்னைப்போல சீனி வருத்தக்காரரின்ர புண்ணும் ஆறுமாம்.”

“அப்ப கால் தப்பீட்டுது எண்டு சொல்லுங்கோ.”

“எங்க! கம்பஸில இப்பதான் ஆராயத் துவங்கியிருக்கினம். அவை செய்து முடிக்குமட்டும் இந்தப் பெருவிரலை நான் வச்சிருக்க வேணும். டொக்டர் வெட்டத்தான் நிக்கிறார்.”

பிளேன்ரீ வந்தது. கையில் சீனியை வைத்து நக்கி நக்கித் தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தில் நாயாற்றுக்காரர் உள்ளங்கையை நீட்டினார். வியாபாரி சீனிப் பேணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உங்கட சீனி பைக்குள்ள கிடக்கு அண்ணை. அதை நக்கிக் குடியுங்கோ.”